மாஸ்டர் வீட்டு ஃப்ரிட்ஜ்

ராஜகோபால் மாஸ்டரைப் பழிவாங்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. அதற்காக என்னைப் பொறுமைசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கலையரசி. சொந்த ஊர் தாமல். ஐயாயிரம் மீட்டர் ஓடினவள். ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பயிற்சி கொடுத்து, தேசிய அணி வரைக்கும் கொண்டுபோனவர் மாஸ்டர்தான். என் உடம்பிலிருந்து ஒரு பை ரத்தத்தை எடுத்து, தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, போட்டி நெருங்கும்போது திரும்ப ஏற்றினவரும் அவரேதான். "உன் ரத்தம்தானே, மருந்தா குடுக்கறேன்?" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. நம்பினேன்.

ரத்தம் கூடினால் மூச்சு தாங்கும், கடைசிச் சுற்றிலும் கால் கேட்கும். ஆனால் ஓட்டக்காரர்களின் ரத்த அளவுகளை வருஷக்கணக்கில் பதிந்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அளவு எகிறியது, நான்கு வருஷம் தடை. விசாரணையில் மாஸ்டர் சொன்னது ஒரே வாக்கியம். "அந்தப் பொண்ணு எங்க போய் என்னத்த ஏத்திக்கினு வந்துதோ, எனக்கு ஒண்ணும் தெரியாது." என்னிடம் சாட்சியும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அவருக்கு அடுத்த வருஷமே ஒரு விருது கொடுத்தார்கள்.

தடை முடிந்தபோது காலில் வேகம் போய்விட்டது. லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். போன மாதம் அங்கே ஒரு பெண் வந்து அம்சவேணி என்று பெயர் கொடுத்தாள். அவள் சிம்ரன். ஆசியப் போட்டிக்குத் தேர்வானவள் என்று பேப்பரில் படம் பார்த்திருந்தேன். முழங்கை மடிப்பில் தடித்த ஊசி குத்திய வடு இருந்தது. பரிசோதனை ஊசி அப்படிக் குத்தாது; பை பையாக எடுக்கிற ஊசிதான் குத்தும். ஹீமோகுளோபின் இறங்கிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மாஸ்டரின் கார் நின்றது.

பெருமாள் கோயில் கருட சேவைக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடியும் வந்தாள். எடுத்த ரத்தத்தை உடம்பே ஊறவைத்து, இந்த முறை அளவு பழைய நிலைக்கு ஏறியிருந்தது; இனிப் பையை ஏற்றுவதுதான் பாக்கி. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஏற்றப்போகும் நாள் எனக்கு மனப்பாடம். பெரிய ஓட்டக்காரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனைக்காரர்கள் சொல்லாமல் அங்கே வந்து நிற்பார்கள். கருட சேவை அன்றைக்கு மட்டும் மாஸ்டர் எங்களைக் காலை ஆறிலிருந்து ஏழு வரை என்று போட்டு, தன் வீட்டு விலாசம் எழுதச் சொல்வார். சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்து. அன்று விடியற்காலை அந்தப் பக்கம் சைக்கிள்கூட நுழையாது. வெளியூர்க்காரன் லட்சம் பேர் கூட்டத்தில் சந்தைக் கண்டுபிடிப்பதற்குள் மணி ஏழு அடித்துவிடும். எனக்கும் அன்றைக்குத்தான் ஏற்றினார். ஒரு தடவை பலித்ததை மனுஷன் மாற்றவே இல்லை.

நான் ஊக்கமருந்து தடுப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

கருட சேவை அன்று காலை ஐந்தரை மணிக்கு ரமாமணி என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்து, காரை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தார்.

"வழி மட்டும் காட்டுங்கம்மா. உள்ள வராதீங்க. உங்களுக்கும் அவருக்கும் பகை இருக்குதுன்னு தெரிஞ்சா மொத்தமும் வீணாயிடும்."

குடைகளும் வாண வேடிக்கையும் ஒரு பக்கம் போக, நாங்கள் கொல்லைச் சந்துகளில் புகுந்து போனோம். ஆறு இருபதுக்கு ரமாமணி கதவைத் தட்டினார். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன்.

ரத்தம் எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் காலைத் தரையில் ஊன்றி அசையாமல் உட்கார வேண்டும் என்பது விதி. அந்தப் பத்து நிமிடத்தில் மாஸ்டர் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"நீயா இட்டாந்த?"

"சாமி பார்க்க வந்தேன் மாஸ்டர். கூட்டம், இந்தப் பக்கம் தள்ளிட்டாங்க."

"நன்றி கெட்டவளே."

"ஏழு வருஷமா அதத்தான் மாஸ்டர் சொல்லிக்கினு இருக்கேன், நன்றிக்கடன் பாக்கி இருக்குதுன்னு."

உள்ளே ரத்தம் எடுத்து அடைத்த கண்ணாடிக் குழாய்களுக்கு முத்திரை வைத்தாயிற்று. ரமாமணி வெளியே வந்து, சிம்ரன் பக்கத்தில் நிற்க, மாஸ்டரைக் கேட்டார். "நாங்க குத்தாத கையில புது ஊசித் தடம் இருக்குது சார். என்ன ஏத்தினீங்க?"

"அந்தப் பொண்ணு எங்க போய் என்னத்த ஏத்திக்கினு வந்துதோ, எனக்கு ஒண்ணும் தெரியாது. திருவிழா பார்க்க வந்துச்சு, தங்க இடம் குடுத்தேன்."

ஒரு எழுத்து மாறவில்லை. சிம்ரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு ரத்தப் பை இருந்தது.

"ஒண்ணு ஏத்தியாச்சு, இது ரெண்டாவது பை மேடம். தயிருக்குப் பின்னால வச்சிருந்தாரு. பாருங்க, என் பேரு, தேதி, எல்லாம் அவர் கையெழுத்து."

மாஸ்டர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. ரமாமணி பையைப் படம் பிடித்தார், போனில் யாரையோ அழைத்தார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இனி எந்த மைதானத்திலும் அந்த ஆள் விசில் ஊத முடியாது.

"உண்மையைச் சொன்னதால உனக்குத் தடை குறையும். ஆனா தடை உண்டும்மா," என்றார் ரமாமணி. சிம்ரன் தலையாட்டினாள். பிறகு தெருவில் இறங்கி என்னிடம் வந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"லேப் அக்காதானே நீங்க? அன்னிக்கே என் கையப் பார்த்துட்டு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

"நானும் தப்பிச்சிருப்பேன்," என்றாள்.

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் பொய் சொல்ல மாட்டேன். அவள் அழுதுகொண்டு நிற்கும்போதும் நான் வாசல்படியில் இருந்த அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.