டிரைவர் பக்கமா, கார்டு பக்கமா

எங்கள் ஊருக்கு வரவேண்டிய மாலை பாசஞ்சர் பல வருடங்களாக ஊருக்கு வெளியே அவுட்டரில் நிற்கிறது. உள்ளே வர சிக்னல் விழவில்லை. அதில் இருப்பவர்களை நாங்கள் ரேடியோ ஸ்கேனரில் கேட்டுக்கொள்கிறோம். அவுட்டர்வரை நடந்துபோய்ப் பார்க்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. அப்படி நடந்தவர்களும் இப்போது அந்த ரயிலில்தான் இருக்கிறார்கள்.

என் மனைவி பூரணி அதில் இருக்கிறாள். தங்கைக்கு வளைகாப்பு முடித்துவிட்டுத் திரும்பியவள். கடைசியில், கார்டு பெட்டியை ஒட்டிய லேடீஸ் பெட்டி. அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவள் வந்து சேர்ந்தால் போதும்.

ஐப்பசி மழையில் என் பழைய ஸ்கேனர் ஊமையாகிவிட்டது. மரியநாயகம் ரேடியோ கடைக்குப் போனேன். அங்கே இரண்டு வகை இருந்தன. ஒன்றில் டிரைவர் குரல் கேட்கும். அவர் முன்னால் இருப்பதை மட்டுமே பேசுவார். மற்றதில் கார்டு குரல் கேட்கும். அவர் பின்னால் விட்டுவந்ததை மட்டுமே பேசுவார்.

"ரெண்டையும் வாங்கிக்கிடட்டுமா?" என்றேன்.

"ஒரே வீட்டுல ரெண்டு வைக்கக் கூடாது அண்ணாச்சி. அதுக ரெண்டும் பேச ஆரம்பிச்சிரும். அப்புறம் உங்களைக் கண்டுக்கிடாது."

டிரைவர் ஸ்கேனரைப் போட்டுக் காட்டினார். "சிவப்பு" என்று ஒரு குரல் வந்தது, அவ்வளவுதான். அடுத்ததைப் போட்டார். கார்டு பேசவில்லை. கார்டின் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"டிரைவர் பக்கம் எடுத்துக்கிடுங்க. சிக்னல் விழுந்தா உடனே தெரியும். ஊரே அதைத்தான் வாங்குது."

"இருமுதது அவதான்" என்றேன்.

மரியநாயகம் கார்டு ஸ்கேனரையே எடுத்தார். பேட்டரியைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து இருமலைக் கேட்டபடியே சாப்பிட்டேன். சோறும் இறங்கியது. பக்கத்து வீட்டு இசக்கியப்பனிடம் டிரைவர் ஸ்கேனர் இருந்தது. அவர் மகன் ரயிலின் முதல் பெட்டியில் இருந்தான். சாயங்காலமானால் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "விழுந்துட்டா?" என்பேன். "இல்ல அண்ணாச்சி" என்பார். பிறகு இருவரும் உள்ளே போய்விடுவோம்.

ஒரு நாள் நான் அவரிடம் கேட்க மறந்துவிட்டேன். அன்று பூரணி இருமவில்லை, பேசினாள். கொல்லையில் முருங்கை பூத்திருக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இசக்கியப்பன் சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். அந்த மனிதருக்கு எப்போதும் அவசரம்தான். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அலமாரியிலிருந்த டம்ளர்கள் ஒரு பக்கமாக நகர்ந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிக்னல் விழுந்தது ரயிலுக்கு அல்ல, ஊருக்கு. எங்கள் ஊர் கடந்து போவதற்காகத்தான் பாசஞ்சரை இத்தனை காலம் அவுட்டரில் போட்டிருந்தார்கள்.

ஊர் புறப்பட்டுவிட்டது. டிரைவர் ஸ்கேனர் வைத்திருந்தவர்கள் எல்லாம் முன்கூட்டியே வாசலுக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் பெட்டி வந்ததும் இசக்கியப்பன் மகனை அப்படியே வாசல்படிக்கு இழுத்துவிட்டார். மரியநாயகம் தன் அக்காவை இறக்கிக்கொண்டார்.

நான் வாசலுக்கு ஓடி வந்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் பூரணி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் ஒரு ஸ்கேனர் இருந்தது.

"பூரணி! பூரணி!" என்று கத்தினேன்.

அவள் நிமிரவில்லை. சத்தம் போடாதீர்கள் என்று கையை மட்டும் காட்டினாள். எங்கள் வீட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி என்னைத் தாண்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் விலகியதும் பாசஞ்சருக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது. ஊர் இருந்த இடத்தில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. அதைக் கார்டு சொல்லித் தெரிந்துகொண்டேன். அங்கே எங்கள் கொல்லை முருங்கை மட்டும் பூத்து நிற்கிறதாம். ஓர் அம்மா அதனடியில் இறங்கி உட்கார்ந்திருக்கிறாராம்.

அதற்குப் பிறகு இருமல் கேட்பதில்லை.

சாயங்காலமானால் சுவருக்கு மேலே தலையை நீட்டுகிறேன். "விழுந்துட்டா?" என்கிறேன்.

"இல்ல மாமா" என்கிறான் இசக்கியப்பனின் மகன்.

எங்கள் ஊர் இப்போது ஏதோ ஓர் ஊரின் அவுட்டரில் நிற்கிறது.