மேகத்தின் பக்கம் சாய்ந்த புகை

இறந்த மனைவிக்குப் போர்த்தக் கூரைப்புடவையைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறிய வெங்கடேசன் கையில் அந்தப் புத்தகம்தான் முதலில் அகப்பட்டது. வானிலை அறிமுகப் பாடம். கல்யாணத்துக்கு முன் ஒரே வருஷம் காலேஜுக்குப் போன ஆதிலட்சுமி வாங்கியது. 'உன் பஞ்சாங்கம்' என்று அவர் கிண்டல் செய்வாரே தவிர, முப்பது வருஷத்தில் ஒருநாளும் பிரித்ததில்லை.

வாசலில் அண்ணன் சின்னராசு கத்தினார். "இன்னாடா பண்ணிக்கினு கீற? மேக்கால கறுத்துக்கினு வருது. போன்லயும் ரெண்டு மணிக்கு மழைன்னு போட்டுக்கீது. சுடுகாட்டுல அடுக்குன வரட்டி நனைஞ்சா பேஜாரு. எடுத்துடலாம்!"

மணி ஒன்றரை. பெங்களூரிலிருந்து வரும் மகள் திவ்யா இப்போதுதான் போன் செய்திருந்தாள். "காஞ்சிபுரத்துல ஆட்டோ ஏறிட்டேன் நைனா. அம்மா மொகத்தப் பாக்காம எடுத்துடாத." திருப்புலிவனம் வந்துசேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் பிரிந்தது. பென்சிலால் கோடிட்டிருந்தாள். 'தரைக்காற்று இடிமேகத்தை நோக்கி வீசும்வரை பெரும்பாலும் மழை எட்டுவதில்லை. காற்று திரும்பிக் குளிர்ந்து வீசினால் சில நிமிடங்களில் மழை.' ஓரமெல்லாம் தேதிகள். 'சாலவாக்கம் பக்கம் இடி. நெல்லை அள்ளினோம். சரி.' அப்படி எத்தனையோ சரி. இரண்டு இடத்தில் தப்பு.

அவள் சொன்னால் பலிக்கும் என்று ஊரே நம்பியது. களத்தில் நெல்லைக் கொட்டுமுன் அவளைக் கேட்காத ஆளில்லை. வெங்கடேசனும் அதை ஏதோ வரம் என்றுதான் நினைத்திருந்தார். வரமுமில்லை, ஒன்றுமில்லை. சோறு வடித்துக்கொண்டே, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, அத்தனை பெரிய வானத்தை அவள் படித்திருக்கிறாள்.

புடவையோடு வெளியே வந்தார். தலைமாட்டு ஊதுபத்திப் புகை மேற்கே, மேகத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

"இப்ப வராதுண்ணா. பொண்ணு வரட்டும்."

"யார்ரா சொன்னது?"

"அவதான்."



இரண்டு மணி ஆயிற்று. ஒரு சொட்டு விழவில்லை. இரண்டேகாலுக்கு ஆட்டோ வந்து நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த திவ்யா அம்மாவின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள்.

அப்போது புகை நிமிர்ந்தது. ஒரு கணம் நின்று கிழக்கே மடங்கியது. வெங்கடேசன் கழுத்தில் காற்று சில்லென்று பட்டது.

"தூக்கலாமாடா?" என்றார் சின்னராசு, மெதுவாக.

"இருக்கட்டும்ணா. நனைஞ்சா வேற வரட்டி அடுக்கிக்கலாம்."

பந்தல் கீற்றில் சடசடவென்று விழ ஆரம்பித்தது. திவ்யா அம்மாவின் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.