தானா தண்ணி குடிக்கிற தட்டு

நாற்றுத் தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இது இரண்டாவது தடவை. நாற்பது குழியிலும் சதசதவென்று மண், மண்மேல் பஞ்சு ஒட்டினது மாதிரி பூஞ்சை. கத்திரி, தக்காளி, மிளகாய் என்று ஆசை ஆசையாய்ப் போட்ட விதையில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை வேறு சமையலறை முழுக்க.

"போன தடவை காஞ்சு போன. இந்தத் தடவை அழுகிப் போயிட்ட. என்னதான் வேணும் உனக்கு?" என்று தட்டையே கேட்டாள்.

தட்டு என்ன பதில் சொல்லும். பதில் சொன்னது பின்னாலிருந்த சமையலறைக் குழாய்தான். டொக் என்று ஒரு சொட்டு, அடியில் வைத்திருந்த கிண்ணத்தில். இரண்டு வருஷமாக அந்தக் குழாய் இப்படித்தான் ராவும் பகலும் சொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டு மனுஷர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ப்ளம்பர்.

சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவருக்குத்தான் போன் வரும். என்ன ஏதென்று கேட்பதற்கு முன்னாலேயே "வாஷர் போயிருக்கும்" என்பார். அதனால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சின்னது பெரிசு எல்லாருக்கும் அவர் வாஷர்தான். சும்மா சொல்லக் கூடாது, அவர் கை வைத்த இடம் அப்புறம் ஒரு சொட்டு ஒழுகாது. சொந்த வீட்டுக் குழாய் என்று வரும்போது மட்டும் "நாளைக்குப் பாக்கறேம்மா" என்பார். அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை.

அவளுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊசியம்மா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலையில் கையுறை மாட்டினால் மதியம் வரைக்கும் ஒவ்வொரு கையாக நீளும். நீளும் என்றா சொன்னேன், எங்கே நீளும்? அவளைப் பார்த்ததும் பின்னால் இழுத்துக்கொள்ளும். குழந்தைகள் வாசலிலேயே வீறிடும். வாட்டசாட்டமான ஆள்கள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இந்தக் குடியிருப்பிலேயே லிஃப்டில் அவள் ஏறினால் சின்னப் பிள்ளைகள் அம்மா சேலைக்குப் பின்னால் போய்விடும்.

இவ்வளவு பாடும் மொட்டைமாடிப் பாத்திக்காகத்தான். செங்கல் கட்டி மண் நிரப்பிய நீளமான பாத்தி. அதை வைத்திருந்தவர்கள் வீடு மாறிப் போனதும் அவள் நேரே குடியிருப்பு செக்ரட்டரியிடம் போய் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட இரண்டாவது விஷயம் அது. முதலாவது குழாய்.

"நாத்து வளர்த்து அடுத்த கூட்டத்துல காட்டுங்கம்மா, குடுத்துடறேன். இல்லேன்னா ஜிம் தம்பி ஒத்தக் கால்ல நிக்கறாரு" என்றார் செக்ரட்டரி.

ஜிம் தம்பி மூன்றாவது மாடி. மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு அந்த இடத்தில் எடை தூக்குகிற பெஞ்சு போட வேண்டுமாம். அந்தக் கூட்டம் நாளைக்குக் காலையில்.

தட்டு வாங்கியபோது அவளுக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது வயிறு எரிந்தது. அடியில் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் கம்பளி மாதிரி ஒரு விரிப்பு, அதன் வால் தண்ணீரில் தொங்கும். விரிப்பின் மேல் குழி குழியாய்க் கறுப்புத் தட்டு. விரிப்பு தண்ணீரை உறிஞ்சும், விரிப்பிலிருந்து மண் உறிஞ்சும். தானா தண்ணி குடிக்கும், மேலே ஊற்றாதீர்கள், தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது. வேலைக்குப் போகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

சொன்னபடியே செய்தாள். மேலே ஊற்றவில்லை, தூக்கவில்லை. மண் காய்ந்து பாளம் பாளமாய் வெடித்தது. அடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அளவு அப்படியே நின்றது. விரிப்போ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று அவளுக்கு மண்டை காய்ந்தது. தினமும் அவள் கண்ணெதிரே நடக்கிறதுதானே இது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அதில் மெல்லிய கண்ணாடிக் குழலை வைத்தால் போதும், யாரும் உறிஞ்ச வேண்டாம், தானே ஏறும். ரத்தம் ஏறுகிறது, தண்ணீருக்கு என்ன கேடு?

விதை வாங்கின கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தட்டு மேல தப்பு இருக்காதும்மா, உங்க கைராசி எப்படி?" என்றார். வந்த கோபத்துக்கு அங்கேயே அவர் கையில் ஒரு ஊசி போட்டிருப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையைத்தான் நினைத்து நினைத்துப் புழுங்கினாள். இரண்டாவது முறை விதைத்தபோது விதிமுறையாவது மண்ணாங்கட்டியாவது என்று மேலேயே தண்ணீர் தெளித்தாள். அதன் லட்சணம்தான் இந்தப் பூஞ்சை.

சரி, கழுவிக் கவிழ்த்து யாருக்காவது கொடுத்துவிடலாம். வாளியின்மேல் தட்டைச் சாய்த்துப் பிடித்தாள். மண் விழவில்லை. இந்த மாதிரித் தட்டில் அடி ஓட்டை வழியாக விரலால் தள்ளினால் மண் கட்டியோடு வெளியே வரும், அதற்குத்தான் ஓட்டையே. விரலை வைத்தாள். ஓட்டை இல்லை. ரப்பர் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

தட்டை வெளிச்சத்தில் திருப்பினாள். நாற்பது குழிக்கும் அடியில் நாற்பது கறுப்பு அடைப்பு. பூசி, கட்டைவிரலால் வழித்து, ஓரம் சீவி, பிசிர் இல்லாமல். இந்த நேர்த்தியை அவளுக்குத் தெரியாதா? குடியிருப்பில் எந்த வீட்டுக் குளியலறைக்குப் போனாலும் வாஷ்பேசின் ஓரத்தில் இதே கட்டைவிரல் தடம் இருக்கும்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது தட்டு மேஜை நடுவில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அவள் நின்றாள்.

"இது என்ன?"

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை.

"பாத்துட்டியா? நீ வேலைக்குப் போயிருந்தப்ப, வந்த புதுசுல, தண்ணி விட்டு செக் பண்ணேன். அத்தனை குழியும் ஒழுகுது. கடைக்காரன் உன் தலையில ஓட்டைத் தட்டைக் கட்டிட்டான். எல்லாத்தையும் அடைச்சேன். தட்டு கறுப்புன்னு கறுப்பு சிலிக்கான் பசை தேடி வாங்கினேன், வெள்ளைன்னா அசிங்கமா தெரியும்."

"அது ஒழுகலைங்க. அந்த ஓட்டை வழியாத்தான் மண்ணு தண்ணி குடிக்கணும்."

அவர் தட்டைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நிமிஷத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"எப்பவும் நீ கேட்டுத்தான் செய்யறேன், கேட்டும் செய்யறதில்ல. ஒரு தடவையாவது நீ கேக்கறதுக்கு முன்னாடி செஞ்சுடலாம்னு..." என்று இழுத்தார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிடப் பத்து மடங்கு கோபம் வந்தது. "அடைக்க வேண்டிய குழாய் அதோ சொட்டுது. அடைக்கக் கூடாததைத் தேடிப் போயி அடைச்சிருக்கீங்க. எனக்கு எதுக்கு அந்தப் பாத்தின்னு ஒரு நாள் கேட்டீங்களா? காலையிலேருந்து என்னைப் பாத்தவங்க எல்லாம் கையை இழுத்துக்கறாங்க, மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. என்னைப் பாத்து எதாவது ஒண்ணு தலையத் தூக்கி முன்னாடி வரணும்னு நினைச்சேன். ஒரு செடி. அது பெரிய ஆசையா?"

அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. குழாய் மட்டும் டொக் டொக் என்று பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வெறுங்கையோடு போய் எல்லார் வாயிலும் விழ அவளுக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் கூட்ட நேரத்துக்கு மேஜைமேல் இருந்த தட்டைக் காணோம், அவரையும் காணோம். செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

பாத்தியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். நடுவில் அவர், தட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி.

"விதை மேலயும் தப்பில்ல, அவ மேலயும் தப்பில்ல. ஓட்டைய அடைச்சது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷர் வாயிலிருந்து 'நான்தான்' என்று ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. பால் பொங்கினால் அடுப்பு சரியில்லை, பஸ் போனால் கடிகாரம் சரியில்லை, எதுவுமே இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது வாஷர்.

ஜிம் தம்பிதான் முதலில் ஆரம்பித்தார். "அண்ணே, எங்க வீட்டு சிங்க்ல தண்ணி போக மாட்டேங்குதே, அதையும் இப்படித்தான் அடைச்சீங்களா?" அவ்வளவுதான், மாடியே சிரித்தது. "ஷவர்ல கூட நிறைய ஓட்டை இருக்கு வாஷர், வந்து அடைச்சிட்டுப் போங்க" என்றார் இன்னொருவர். அவர் காது சிவந்தது. தொழிலில் ஒரு சொல் கேட்காத ஆள், தட்டை இறக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

சிரித்து முடித்த செக்ரட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இன்னொரு தவணை தர்றேன். அடுத்த கூட்டம் வரைக்கும்தான். அதுவும் பாதிப் பாத்திதான். மீதிப் பாதி தம்பிக்கு."

பாதிதான். கேட்டபடி முழுசாய் எதுதான் அவளுக்குக் கிடைத்தது? படி இறங்கும்போது கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவள் முன்னால் போகாமல் அவர் இறங்குகிற வேகத்துக்கே இறங்கினாள்.

வீட்டில் அவள் தடித்த ஊசி ஒன்றை எடுத்தாள். அவர் பிளேடு கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க தொடாதீங்க" என்றாள்.

ஊசி முனையை அடைப்பின் ஓரத்தில் விட்டு நெம்பினாள். சுத்தமான வேலை இல்லையா, அடைப்பு சட்டைப் பித்தான் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினாள். அவர் எதிரே உட்கார்ந்து, தன் கைவேலை கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மண் நிரப்பி, விதை போட்டு, விரிப்பின்மேல் தட்டை அழுத்தி வைத்தாள். பிறகு அவள் துணி மடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வெளிறிக் கிடந்த மண் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து மேலே தொட்டிருந்தது. அவர் ஒரு இஞ்சுகூட நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

விதை முளைத்தது. தக்காளி முதலில், அப்புறம் கத்திரி, கெஞ்சிக் கூத்தாட வைத்து மிளகாய். ஆனால் அவளுக்கு அதிலும் ஒரு குறை. சமையலறையில் இருப்பது ஒரே ஜன்னல், வாசல்கதவுக்கு எதிர்ப்பக்கம். வெளிச்சத்துக்கு ஏங்கி நாற்று அத்தனையும் ஜன்னல் பக்கம் வளைந்து நின்றது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் நாற்பது முதுகு.

"இதுங்களும் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குதுங்க" என்று ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. எப்போதுதான் காட்டிக்கொண்டார்?

அடுத்த நாள் அவளுக்கு மோசமான நாள். நரம்பே கிடைக்காத ஒரு கிழவர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார், ஒரு குழந்தை அவள் கையைக் கடித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கால் கடுக்கப் படியேறிக் கதவைத் திறந்தாள்.

நாற்று எல்லாம் அவளைப் பார்த்து வளைந்து நின்றது. நாற்பதும். சின்னச் சின்னத் தலையை நீட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வாசல் பக்கமாக.

செடி ஒரு நாளில் மனசு மாறாது என்று அவளுக்குத் தெரியும். தட்டு திரும்பியிருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த, தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற வாய் இப்போது இந்தப் பக்கம் வந்திருந்தது. அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

"யாரு இதைத் தொட்டது?" என்றாள். கேட்ட குரலில் பழைய கோபம் பாதிதான் இருந்தது.

உள்ளே குழாய் டொக் என்றது. அதை மட்டும் அந்த மனுஷர் இன்னும் தொடவில்லை.

"நான்தான்" என்றார் அறைக்குள்ளிருந்து.

அவள் பையைக்கூட இறக்காமல் தட்டு முன்னால் போய்க் குனிந்து நின்றாள்.