மூன்று விரல் அளவு

அன்று இருந்தவர்கள்: சன்னலோர நாற்காலியில் பல் டாக்டர் ஹாலாஸ்யம், எதிர் பெஞ்சின் நுனியில் பேரையூர்ப் பக்கத்து அன்னக்கொடி, நிலைப்படியை ஒட்டித் தரையில் அவள் புருஷன் மலையாண்டி, மேசையில் மைக்கூட்டோடு நான். முப்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி. திருமங்கலத்தில் எட்டாவது முடித்து, டாக்டர் சொல்லச் சொல்ல நோயாளிகளுக்குக் கடிதம் எழுதுவதே வேலையாக இருந்த காலம்.

நோயாளி எதிரே உட்கார்ந்திருந்தாலும், வீட்டில் செய்ய வேண்டியதைத் தபாலில்தான் அனுப்புவார் டாக்டர். கையில் கொடுக்கிற சீட்டு முந்தானை முடிச்சோடு சரி. தபால்காரர் வாசித்தால் தெருவே கேட்கும், மறுநாள் தெருவே விசாரிக்கும் என்பார். இப்போதும் எங்காவது கிராம்புத் தைல மணம் வீசினால் அவர் குரல்தான் முதலில் வருகிறது.

அன்னக்கொடிக்குத் தாடை வலி. ஊரில் எந்தக் கல்யாணத்திலும் முதல் குலவை அவளுடையது. தை இருபதில் அவள் மகள் ஒச்சாயிக்கே கல்யாணம். போன மாதம் எழுதியிருந்தேன்: உப்பு ஒத்தடம், கஞ்சி, வெற்றிலை கூடாது, காலை மாலை பத்துத் தடவை மெல்ல வாய் திறக்கவும், மூன்று விரல் அளவு. இப்போது வலி கூடித்தான் வந்திருந்தாள்.

“சொன்னதெல்லாம் செஞ்சாளா?” டாக்டர் மலையாண்டியைக் கேட்டார்.

“ஒண்ணு விடல சாமி. தெருவே காவலு. ‘மதினி, வாயத் தெறந்தாச்சா’ன்னு சோணையம்மா வேலிக்கு அங்கிட்டிருந்து கத்துறா.”

“நீ இரு. அவ செஞ்சு காட்டட்டும்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். மலையாண்டி எழுந்து வந்து, வேட்டியில் கையைத் துடைத்து, ஏர் பிடித்துக் காய்ப்பேறிய மூன்று விரல்களைச் சேர்த்து அவள் வாயருகே நீட்டினான்.

டாக்டர் எழுந்தே விட்டார். “யார் வெரல் அது?”

“என் வெரலுதான். வீடு கட்டுனாலும் வீட்டுக்காரன் கைதானே சாமி அளவு? அழுதுக்கிட்டேதான் தெறந்தா.”

போன மாதக் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதியிருந்தேன். யார் விரல் என்று எழுதவில்லை. “தப்பு என்னோடது” என்றேன். டாக்டர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பல்லைப் பிரிக்காமலே அன்னக்கொடி கேட்டாள்: “தையில கொலவ போடலாமா சாமி? எம்புட்டுப் பேரு மகளுக்குப் போட்டேன். எம்மகளுக்கு ஊமையா நிக்கவா?”

“மொதல்ல வலி அடங்கட்டும், அதுவரைக்கும் ஒரு வெரல் போறும். அப்பறம் மெதுவா. உன்னோட மூணு வெரலும் நோகாமப் போனா போடு. இல்லேன்னா கூடாது.”

“முடியலைன்னா நான் போடுறேன் கொலவ” என்றான் மலையாண்டி.

சிரிக்கப் போனவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள். “சும்மா இரும்யா. சிரிக்க வச்சே கொன்னுருவீரு போல.”

புதுக் கடிதம் எழுதினேன். எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை போயிருந்தது. தாளின் கீழ்ப்பகுதியில் அவளுடைய மூன்று விரல்களை வைக்கச் சொல்லி, பென்சிலை மலையாண்டியிடம் நீட்டினேன். பென்சில் பிடித்தறியாத கை, நகம் இடறாமல் சுற்றி வரைந்தது. வரைந்ததன் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தான், கோடே தெரியவில்லை.

அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் கடிதத்தை மடித்துப் பசை தடவி ஒட்டி, ஓட்டமாய் அவர்களைத் தாண்டிப் போய்த் தெருமுனைப் பெட்டியில் போட்டேன். திரும்பினால் எதிரே அன்னக்கொடி வருகிறாள், தன் ஆள்காட்டி விரலை உதடுகளுக்கு நடுவே வைத்து அளந்தபடி.