மாமா போட்டதை எடுக்கக் கூடாது

“பள்ளிக்கூடமே வேணாம்னு வந்துட்ட, உனக்கு எதுக்குமா பாஸ்வர்டு?”

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று ராதாகிருஷ்ணன் மாமா என்னிடம் கேட்டது இது. அவர் அம்மாவின் அண்ணன். யார் யார் பெயரில் அதைத் திறப்பது என்று பேச்சு ஓடியபோது, எனக்கும் ஒரு பெயர் இருக்கட்டும் என்று முணுமுணுத்திருந்தேன். நான் முணுமுணுப்பது வழக்கமாக யார் காதிலும் விழாது. அன்றைக்கென்று அவர் காதில் விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் கணவர் லோகன் அத்தான் தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தார்.

கடைசியில் யாருக்குமே பாஸ்வர்டு வைக்கவில்லை. “நம்ம வீட்டுக்குள்ள என்னா ரகசியம்?” என்றார் மாமா. பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்ளும். வந்தவர் போனவர் எதை வேண்டுமானாலும் போடலாம். போட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் அம்மாவின் வேலைக்காக வாங்கியது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பரமேஸ்வரன் அண்ணன் அச்சகம் வைத்திருக்கிறார். அவருக்கு வரும் கல்யாணக் கார்டு, காதுகுத்து, கருமக்கிரியை அறிவிப்பு எல்லாவற்றையும் அம்மாதான் வீட்டில் உட்கார்ந்து தமிழில் அடித்து, ஓரத்தில் மயிலோ வாழைமரமோ வைத்து அனுப்புவார். அப்பா லோரி எடுத்துக்கொண்டு ஜோகூருக்கும் ஈப்போவுக்கும் போய்விடுவார். வீட்டில் நானும் அம்மாவும் மயில்களும்தான்.

மாமா பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். போட்டோஸ்டேட் மெஷின்களுக்கு மை விற்கிறார். இதை அவர் “கம்ப்யூட்டர் லைன்” என்பார். ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் ஒரு பென்டிரைவைக் குத்திக்கொண்டு வருவார், டாக்டர்கள் கழுத்தில் குழாய் மாட்டிக்கொண்டு வருவதுபோல. முதல் ஆன்டிவைரஸ் அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

“இது நல்லதாண்ணே?” என்று அம்மா கேட்டார்.

“ஃப்ரீ லா. அதுக்கு மேல என்னா நல்லது வேணும்?”

யார் செய்தது, எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது, பதிலுக்கு நம்மிடமிருந்து என்ன எடுத்துக்கொள்ளும், எதுவும் அவருக்குத் தெரியாது. திரையில் ஒரு கட்டம் வந்து எதையோ கேட்டால் படிக்காமலே ‘நெக்ஸ்ட்’ என்பதை அமுக்குவார். மறுபடி கேட்டால் மறுபடி அமுக்குவார். பாசாரில் கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதர் அவர்.

அடுத்த வாரம் லோகன் அத்தான் வந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தொழிற்சாலையில் ஐந்நூறு பேருக்கு மேல் இருப்பதால், ஐந்நூறு பேருக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தெரியும் என்று நினைப்பவர். மாமாவும் அன்று இருந்தார்.

“மாமா, நீங்க போட்டது வேலைக்கு ஆவாது. ஒரு வைரஸ்கூட புடிக்கல பாருங்க.”

“இருந்தாதான மாப்பிள புடிக்கும்?”

“இருக்கும் மாமா. என்னோடத போடுறேன், பாருங்க.”

போட்டார். அது பத்தொன்பதைக் கண்டுபிடித்தது. அத்தான் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மாமா முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மாமா இன்னொன்றைக் கொண்டுவந்தார். அது நூற்றுக்கு மேல் கண்டுபிடித்தது. பதிலுக்கு அத்தான் ஒன்று. அதற்கும் பதிலாக மாமா, “இது ஆன்டிவைரஸ் இல்ல, ஸ்பைவேர் ரிமூவர், ஒற்றன் புடிக்கிறது” என்று கடைசியாக ஒன்றை இறக்கினார். மற்றவை ஓடி முடிய நேரமாகும். இது கண் மூடித் திறப்பதற்குள் அறுநூறு ஒற்றர்களைப் பிடித்துச் சிவப்பு எழுத்தில் வரிசையாக நிறுத்தியது.

“அலாமாக்!” என்றார் அம்மா.

“பாத்தியா? ஒங்க வீட்டுக்குள்ளயே குடியிருந்துருக்கான் அறுநூறு பேரு” என்றார் மாமா, அத்தானைப் பார்த்தபடி. ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்ற பொத்தானை, கோவிலில் மணி அடிப்பதுபோல அமுக்கினார்.

எது அதிகமாகக் கூச்சல் போடுகிறதோ அதுதான் நல்ல காவல் என்று முடிவானது இப்படித்தான். அந்த அறுநூறில் முக்கால்வாசி, அம்மா மயில் படம் தேடிப் போன இணையப் பக்கங்கள் விட்டுவிட்டுப் போன துணுக்குகள். அவற்றால் ஒரு எறும்பும் சாகாது. அது அந்தப் பட்டியலிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சிவப்பு எழுத்து இருக்கும்போது சின்ன எழுத்தை யார் படிப்பார்கள்?

“இத்தனை இருந்தா ஒன்னோட ஒன்னு சண்ட போடாதாண்ணே?” அம்மாவுக்கு இந்தச் சந்தேகம் வந்தது உண்மை.

“பேங்க்ல எத்தன ஜாகா நிக்கிறான்? ஒருத்தனா? ரெண்டு மூணு பேரு நின்னாதான், கலா, திருடனுக்கு பயம்.”

பேங்க் வாசலில் காவல் நிற்கும் ஜாகாக்கள் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் அதுதான் நடந்தது. அம்மா ஒரு மயிலைத் திறந்தால் முதலாவது அதைச் சோதிக்கும். முதலாவது ஏன் மயிலைத் தொடுகிறது என்று இரண்டாவது சோதிக்கும். இரண்டாவதை மூன்றாவது சோதிக்கும். மயில் தோகை விரிப்பதற்குள் அரிசி உலை கொதித்துவிடும். சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காற்றாடித் துவாரத்தில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்க, கம்ப்யூட்டர் பெட்டி இரைந்தது.

நான் ஒருமுறை, “ஒன்ன வச்சிக்கிட்டு மத்தத எடுத்துடலாம்மா” என்றேன்.

“அண்ணன் போட்டத எடுக்கிறதா? ஞாயித்துக்கிழம வந்து பாத்தா என்ன நெனப்பாரு? மாப்பிள்ள போட்டதயும் எடுக்க முடியாது. ஒங்கக்காவுக்குத்தான் பேச்சு விழும்.”

வீடு குடிபுகுந்தபோது சொந்தக்காரர்கள் கொடுத்த சுவர்க் கடிகாரங்கள் நான்கும் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகின்றன. நான்கும் நான்கு நேரம் காட்டும். கொடுத்தவர் வரும்போது அவர் கொடுத்தது சுவரில் இருக்க வேண்டும். ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஆன்டிவைரஸும் அந்தச் சுவரில் ஏறிவிட்டது.

அறுநூறு ஒற்றர்கள் பிடிபட்ட ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை காலை, அம்மா புஷ்பவல்லி ஆன்டி மகளின் கல்யாணக் கார்டை அடிக்க உட்கார்ந்தார். சாலாக் செலாத்தானில் இருக்கும் குடும்பம். மறுநாள் வெள்ளிக்கிழமை முதல் கார்டை மஞ்சள் தடவி அம்மன் காலடியில் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுப்பார்கள். அதனால் அன்று சாயங்காலத்துக்குள் பரமேஸ்வரன் அண்ணனுக்கு அனுப்பியாக வேண்டும். அவர் போன மாதமே சொல்லியிருந்தார்: “அக்கா, ரெண்டு தடவ லேட்டு. இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பொண்ணு அடிச்சித் தரேன்னு சொல்லுது. அதுக்கிட்ட குடுத்துருவேன், கோச்சிக்காதீங்க.”

லேட்டானதற்குக் காரணம் உள்ளே நின்ற ஜாகாக்கள். இதை அம்மா அவரிடம் சொல்லவில்லை. அண்ணன் போட்டது அல்லவா.

அம்மா பிள்ளையார் சுழியை வைத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். ஆங்கில எழுத்துகள் வந்தன. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் ஆங்கிலம். தமிழில் அடிப்பதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். கீழே வலது மூலையில் ‘அ’ என்று நிற்கும். அந்த ‘அ’வைக் காணோம்.

மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“வைரஸ் ஒன் தமிழ தின்னுருச்சு, கலா. இது பெரிய சாமானா இருக்கும். நான் சாயங்காலம் வரேன். புதுசா ஒன்னு வச்சிருக்கேன், போட்டுப் பாப்போம். சரிப்படலன்னா ஃபார்மட் அடிச்சிடலாம்.”

“ஃபார்மட்டுன்னா பழைய கார்டெல்லாம்?”

“போயிரும். போனா என்ன, மறுபடி அடிச்சிக்கலாம்.”

அம்மா இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த கார்டுகள், வாழைமரங்கள், குடும்பங்களின் பெயர் வரிசைகள். மறுபடி அடித்துக்கொள்ளலாமாம்.

அடுத்து லோகன் அத்தானுக்குப் போன். அவர் ஷிப்டில் இருந்தார். “நான் அப்பவே சொன்னேன்ல அத்த, மாமா போட்டதுதான் வைரஸு” என்றார். ஜெயித்த சந்தோஷத்தில், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமலே வைத்துவிட்டார்.

அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முந்தானையால் கீபோர்டைத் துடைத்தார். அழுக்கு இல்லாத இடத்தையும் துடைத்தார்.

நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மாமாவின் ஒற்றன் பிடிப்பானைத் திறந்தேன். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ‘பிடித்தவை’ என்று ஒரு பக்கம் அதிலேயே இருக்கிறது; திறந்து வாசித்தால் போதும். அறுநூறையும் கீழே தள்ளிக்கொண்டு போனேன். நடுவில், விசைகளை ஒட்டுக்கேட்கும் ஒற்றன் என்ற தலைப்பில், அம்மாவின் தமிழ் மென்பொருள் பெயர் இருந்தது.

“இங்க பாருங்கம்மா. நீங்க எந்த எழுத்த தட்டுறீங்கன்னு பாத்துப் பாத்துத்தான இது தமிழா மாத்துது? அத ஒட்டுக்கேக்குதுன்னு புடிச்சிருக்கு. திருடன் இல்ல, ஒங்க கீபோர்டத்தான் புடிச்சிருக்கு.”

“எப்ப?”

“ஞாயித்துக்கிழம. மாமா ஒரே அமுக்கா அமுக்குனாருல்ல. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான தொறக்குறீங்க?”

அம்மா அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கடிகாரங்களில் எது சரி என்று தெரியாததால் கைப்பேசியில் நேரம் பார்த்தார். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது.

“திரும்ப வருமா?”

“வரும். ஆனா இது இங்க இருக்கிற வரைக்கும் மறுபடி மறுபடி புடிக்கும். எடுத்துடணும். எல்லாத்தயும்.”

“எல்லாத்தயும் எடுத்துட்டா? வெறுமனே விடுறதா?”

“கம்ப்யூட்டரோடயே ஒரு பாதுகாப்பு வந்துருக்கும்மா. மாமா மொதல்ல போட்டப்பவே அது ஒதுங்கிப் போயிருச்சு. இதுங்க போனா அது தானா வேலைக்கு வரும். அது போதும்.”

“அப்ப ஆரம்பத்துலயே இருந்துச்சா? ஃப்ரீயாவா?”

“ஆமா.”

அண்ணன், மாப்பிள்ளை, அக்காவுக்கு விழப்போகும் பேச்சு எல்லாம் அம்மாவின் முகத்தில் வந்து போயின. கடைசியில் பரமேஸ்வரன் அண்ணன் சொன்னது வந்திருக்க வேண்டும்.

“எடு, தாமரை. எங்கண்ணன் வர்றதுக்குள்ள எடு.”

முதலில் ஒற்றன் பிடிப்பான் பிடித்துவைத்த தமிழை விடுவித்தேன். பிறகு அதையே நீக்கினேன். மற்றவற்றையும் வரிசையாக. ஒவ்வொன்றும் கிளம்பும்போது அழுத முகம் ஒன்றைக் காட்டி, நாங்கள் என்ன தவறு செய்தோம், ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டது. மாமாவைவிட மரியாதையாகத்தான் கேட்டது. அத்தான் போட்ட ஒன்று மட்டும், தன்னை நீக்கினால் பெரிய ஆபத்து வரும் என்று மிரட்டிவிட்டுப் போனது.

பெட்டியை அணைத்துத் திறந்தோம். இரைச்சல் குறைந்திருந்தது. மூலையில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன அடையாளம்; இத்தனை நாள் ஓரமாக நின்றிருந்த பழைய காவல். அதன் பக்கத்தில் ‘அ’.

அம்மா ‘திருவளர்செல்வி’ என்று அடித்தார். வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணமகன் வீட்டாரின் நீளமான பெயர் வரிசையை அடிக்க ஆரம்பித்தார். மயில் கேட்டவுடன் வந்து நின்றது.

கார்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கவில்லை. பரமேஸ்வரன் அண்ணனிடமிருந்து, “சீக்கிரமா இருக்கே அக்கா! அடுத்த வாரம் ரெண்டு கருமக்கிரியை இருக்கு, அனுப்புறேன்” என்று பதில் வந்தது. சாவு வீட்டு வேலை வந்ததற்கு அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

“பாஸ்வர்டு வைக்கலாம்மா” என்றேன். “இல்லன்னா திரும்பப் போடுவாங்க.”

“நீயே வச்சிக்க. எனக்கு மறந்துரும்.”

வைத்தேன்.

மாமா வந்தார். சட்டைப் பையில் பென்டிரைவ். “எங்க, நோயாளி?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தி, பென்டிரைவைச் சொருகி, பொத்தானை அமுக்கினார்.

திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து நின்றது.

“என்னா இது? பாஸ்வர்டு கேக்குது?”

“ஆமாண்ணே.”

“யாரு வச்சா? என்னா பாஸ்வர்டு?”

“தாமரைகிட்ட கேளுங்கண்ணே” என்றார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். மாமா என் பக்கம் தலையைத் திருப்பினார், முழுதாகத் திரும்பவில்லை. பிறகு திரையைப் பார்த்து அம்மாவின் பெயரை அடித்தார். திறக்கவில்லை. முருகன் பெயர். திறக்கவில்லை. அப்பாவின் லோரி நம்பர். தவறு என்று திரை அமைதியாகச் சொன்னது. ஒருமுறை பழக்கத்தில் ‘நெக்ஸ்ட்’ எங்கே இருக்கிறது என்று தேடினார். இல்லை.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. மாமா பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் குத்தினார். வாசலுக்குப் போய்ச் சப்பாத்தை மாட்டினார். ஒரு குதிகால் சரியாக நுழையவில்லை, அதை மிதித்தபடியே, அம்மாவிடமும் சொல்லாமல், கேட்டைத் திறந்து ரயில் நிலையம் பக்கம் நடந்தார்.