பட்டியலில் இரண்டு பெயர், நடுவில் ஒரு 'அல்லது'

1

இந்தக் கதை வாயை மூடிக்கொண்டு நின்றதால் எனக்குக் கிடைத்தது. அயோவாவில் வெல்டன் க்ரீக் என்ற ஊரின் காலேஜில் பதினெட்டு வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பத்து கெஜச் சங்கிலி பிடிக்கிறேன்.

(இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். முன்னேறினார்களா என்று அளக்கத்தான் சங்கிலி.)

சங்கிலிக்காரன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, ஆட்டத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் இங்கே கொட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தேன்.

'லைல் ஹாஸ்டெட்லர் வெள்ளிக்கிழமை காலை கண்விழித்தபோது' — வேண்டாம். ஆள் கண்விழித்து ஆரம்பிக்கும் கதைகளைப் படித்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

'மனிதக் கையில் இருபத்தேழு எலும்புகள் உள்ளன. அவற்றில் கட்டைவிரலுக்கு' — வாத்தியார் புத்தி. அடித்துவிட்டேன்.

'ட்ரென்ட் வெஸ்லிங்கின் வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது.' இது போதும். இதிலிருந்து போகலாம்.

2

ட்ரென்ட் வெஸ்லிங்கின் வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது. போன சனிக்கிழமை பந்தை எறிந்த வேகத்தில் எதிராளியின் ஹெல்மெட்டில் கை இடித்துவிட்டது. ட்ரென்ட் எங்கள் காலேஜின் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், அவன் எறிந்தால்தான் ஆட்டம். இது அவனுக்குக் கடைசி வருஷம். எங்களுடையது சின்னக் காலேஜ், இங்கே ஆடிவிட்டு யாரும் பெரிய ஆட்டத்துக்குப் போவதில்லை. பட்டம் வாங்கினால் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலை தேட வேண்டியதுதான்.

வருகிற சனிக்கிழமை ஜெயித்தால் முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக நாக் அவுட் சுற்றுக்குப் போகலாம். தோற்றால் அன்றோடு எல்லாம் முடிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

ட்ரென்ட்டுக்கு மாற்று ஆள் டேரியஸ் ப்ரூயிட். இரண்டாம் வருஷம். பயிற்சியில் எறிவான், மேட்ச்சில் பெஞ்சில் உட்காருவான்.

தேர்ந்தெடுக்க வேண்டியவர் கோச் லைல் ஹாஸ்டெட்லர். ஐம்பத்தெட்டு வயசு. நல்ல மனுஷன், ஆனால் ஒரு குறை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பையனிடமும் நேருக்கு நேர் 'நீ ஆடவில்லை' என்று அவர் சொன்னது கிடையாது. திங்கட்கிழமை உடைமாற்றும் அறைக் கதவில் பட்டியல் ஒட்டுவார். பெயர் இருந்தால் ஆடுகிறாய், இல்லையென்றால் இல்லை. அழுகிறவன் கதவைப் பார்த்து அழவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் இப்படி இருந்தது:

குவார்ட்டர்பேக்: வெஸ்லிங் அல்லது ப்ரூயிட்.

இந்த 'அல்லது' இங்கே எல்லாக் கோச்சும் செய்கிற தந்திரம். எதிராளி அந்தப் பட்டியலை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் தயாராகட்டும், மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்று எழுதுவது. ஆனால் கதவைத் தாண்டிப் போகிறவர்கள் நம் பையன்கள். அந்தத் தந்திரத்தை முதலில் படிப்பதும் அவர்கள்தான். இது எந்தக் கோச்சுக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

3

செவ்வாய்க்கிழமை டேரியஸ் கோச்சின் அறைக்குப் போனான். (நான் அங்கே இல்லை. பின்னால் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டவைத்திருக்கிறேன். ஒட்டு தெரிந்தால் அது என் தப்பு.)

"கோச், ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுப்பா."

"சனிக்கிழம யாரு ஆடுறா?"

"பட்டியலப் பாத்தியா?"

"பாத்தேன் கோச். அதான் கேக்குறேன். அம்மா லீவு போடணுமா வேண்டாமான்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரி லாண்டரில வேலை. செயின்ட் லூயிஸ்லருந்து ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வரணும். நான் ஆடி அவங்க பாத்ததே இல்ல."

கோச் மேஜை மேலிருந்த விசிலை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"வரச் சொல்லேன். கடைசி மேட்ச். எல்லாரோட அம்மாவும் வருவாங்கல்ல."

மென்று முழுங்குவது என்றால் இதுதான். பொய் இல்லை, உண்மையும் இல்லை. டேரியஸ் வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டான். "வாம்மா, கோச்சே வரச் சொன்னாரு" என்றான். அந்த அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். ட்ரென்ட் கால்குலஸில் தோற்று, அடுத்த வருஷம் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்து பாஸ் செய்தவன். டேரியஸ் நான் போர்டில் தப்பாகப் போட்டால் எல்லார் முன்னாலும் சொல்லாமல், மணி அடித்த பிறகு வந்து சொல்லுவான். எனக்கு டேரியஸைக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். ஆகையால் நான் எழுதுவதை முழுசாக நம்பாதீர்கள்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம். வெளியே ஐஸ் மழை, அதனால் ஜிம்மில் பயிற்சி. ட்ரென்ட் விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு முப்பது தடவை எறிந்தான். இருபத்தாறு சரியாகப் போய்ச் சேர்ந்தது. கோச்சின் முகம் தெளிந்தது.

"என்னடா, ஆடுவியா?"

"ஆடுவேன் கோச்."

"வலி?"

"இல்ல கோச்."

அடிபட்ட ஆட்டக்காரனிடம் 'ஆடுவியா' என்று கேட்பதும் விருந்தாளியிடம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதும் ஒன்றுதான். பதில் ஏற்கெனவே முடிவானது. இது கோச்சுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். முடிவைத் தன் தலையிலிருந்து இறக்கி அந்தப் பையன் தலையில் வைக்கப் பார்த்தார். இருபத்தொரு வயசுப் பையன் தலை எதையும் சுமக்கும்.

எல்லாரும் கிளம்பிய பிறகு ஆர்லோ நின்றான். ஆர்லோ சென்டர். நூற்று முப்பது கிலோ. குனிந்து நின்று கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுப்பவன். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் கை இவன் மேல் படும்.

"கோச், அவன் கைய முழுசா வெக்கல."

"யாரு?"

"ட்ரென்ட். பந்து வர்ற நேரத்துல கைய இழுக்குறான். பத்துக்கு மூணு தடவ."

"எறியறதெல்லாம் நல்லாத்தானடா இருக்கு."

"எறியறது வேற கோச். வாங்கறது வேற. எனக்குப் பின்னால கண்ணு இல்ல, ஆனா தெரியும்."

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"ரூம்மேட் கோச். சொல்லாதன்னான்."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

"பந்து கீழ விழுந்தா அது மேல மொதல்ல விழ வேண்டியவன் நான். எம்மேல அவனுங்க ஆறு பேரு விழுவானுங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க."

(குறிப்பு: முதல் பிரதியில் ஆர்லோவை எடுத்துவிட்டேன். சரியான நேரத்தில் வந்து சரியான தகவல் சொல்கிற பாத்திரம் என்றால் எனக்கே சந்தேகம். எடுத்த பிறகு கோச் சுலபமாக ட்ரென்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். கதை இரண்டு பக்கத்தில் முடிந்தது. திரும்ப ஆர்லோவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தவிர, அவன் நிஜமாகவே இருக்கிறான். இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டான்.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. ட்ரென்ட் ஆடுகிறான். மூன்றாவது கால்பகுதியில் ஆர்லோவின் பந்து அவன் கையிலிருந்து நழுவுகிறது, எதிராளி எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கேலரியில் டேரியஸின் அம்மா கையைக் கட்டிக்கொண்டு — இல்லை. இது பழிவாங்கல். வலியோடு ஆடியதற்காக ஒரு பையனைத் தண்டிக்க நான் யார்?

இரண்டாம் முடிவு. டேரியஸ் ஆடுகிறான், கடைசி நிமிஷத்தில் நாற்பது கெஜம் எறிகிறான், ஊரே — நிறுத்து. எனக்குப் பிடித்த பையன் என்பதற்காக எழுதியது. படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது. இரண்டு பேரும் மாறி மாறி. 'ரெண்டு குவார்ட்டர்பேக் வெச்சிருக்கவன்கிட்ட ஒரு குவார்ட்டர்பேக்கும் இல்ல' என்று இங்கே சலூனில் முடிவெட்டுகிறவர்கூடச் சொல்லுவார். கோச் அதை யோசிக்கவே இல்லை.

நான்காவது முடிவில் பனி கொட்டி மேட்ச் ரத்தாகிறது. அதை எழுதியபோது எனக்கும் கோச்சுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. இரண்டு பேரும் மதில் மேல் பூனை, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆகவே, நடந்ததைச் சொல்கிறேன். நடந்த வரைக்கும்.

6

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை. ஆட்டம் ஒரு மணிக்கு. கடைசி வருஷப் பையன்கள், விடைபெறுகிற வழக்கப்படி, அப்பா அம்மாவோடு கைகோத்து மைதானத்தின் நடுவே நடந்து முடித்திருந்தார்கள். ட்ரென்ட்டின் அம்மா நடக்கும்போதே அழுதுவிட்டாள். கேலரியில் மூன்றாவது வரிசையில் டேரியஸின் அம்மா. மகனின் நம்பர் போட்ட சட்டையைக் கோட்டுக்கு மேலேயே மாட்டியிருந்தாள்.

கோச் என் பக்கம் வந்தார்.

"வாத்தியாரே, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பேச எனக்கு அனுமதி இல்ல லைல்."

"குடுத்து வெச்சவரய்யா நீங்க."

சொல்லியிருக்கலாம். விதி என்று ஒன்று கையில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு நாலடி பின்னால் பெஞ்சில் ட்ரென்ட்டும் டேரியஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார்கள். டேரியஸ்தான் ஆரம்பித்தான்.

"கோச், உள்ள கதவுல இன்னும் 'அல்லது'ன்னுதான் இருக்கு."

"தெரியும்."

ட்ரென்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லிடுங்க கோச். ரெண்டு பேருக்கும் காது இருக்கு."

கோச் இரண்டு பேரையும் பார்த்தார். ஆர்லோவைப் பார்த்தார். ஆர்லோ காதில் விழாதவன் போலக் கையுறையை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஆடப்போகாத பையனின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

யார் பக்கத்தில் என்று எனக்குத் தெரியும். சொன்னது முழுக்கக் கேட்டது. அதை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

7

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்கு ஒருவனை அனுப்ப உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ட்ரென்ட் என்பீர்கள், இல்லை டேரியஸ் என்பீர்கள், காரணமும் வைத்திருப்பீர்கள். காரணம் எல்லாம் நல்ல காரணமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆட அனுப்புகிற பையனிடம் நீங்கள் பேச வேண்டியதில்லை. அவன் உங்கள் முகத்தைப் பார்த்தே எழுந்து ஓடிவிடுவான். மற்றவனின் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெஞ்சு ஜில்லென்று இருக்கும். ட்ரென்ட் என்றால், இன்றைக்குத் தோற்றுவிட்டால் இனிமேல் அவனுக்கு மேட்ச்சே கிடையாது. டேரியஸ் என்றால் அவன் அம்மா நேராக அவனையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் சொன்னதும் அவன் அந்தப் பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும். ஆட்டத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். தோளில் கை வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். வாயைத் திறந்து முதல் வார்த்தையை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.