ரூபவதிக்கு வில்லை கிடையாது

வேதமாணிக்கம் மூப்பருக்கு நியாயம் என்றால் உயிர். அந்த நியாயம்தான் கடைசியில் அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. கேட்டால், "நான் என்னங்க தப்பு செஞ்சேன்?" என்பார். என்னத்தைச் சொல்ல!

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வயலுக்கு நடுவில் ஓடு போட்ட சின்ன ஆலயம். பதினாலே குடும்பம். பக்கத்து ஊர்க் கிறிஸ்தவர்களுக்கே இவர்களைப் புரியாது. கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டார்கள், வேதத்தில் அப்படியொரு பண்டிகை இல்லையாம். ஆர்மோனியம், கீபோர்டு எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. கீர்த்தனை கிடையாது, தாவீதின் சங்கீதம் மட்டும், அதுவும் வெறும் வாயால். ஞாயிற்றுக்கிழமை அறுவடை மிஷின் வரப்பில் வந்து நின்றாலும் சரி, வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் சரி, வயலில் கால் வைக்க மாட்டார்கள். செத்தவரைப் புதைக்கும்போது குழிமேட்டில் ஜெபமும் கிடையாது, பாட்டும் கிடையாது. மண்ணைத் தள்ளிவிட்டுப் பேசாமல் வீடு திரும்ப வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை இராப்போஜனம். முந்தின நாள் சனிக்கிழமை போதகரும் இரண்டு மூப்பர்களும் உட்கார்ந்து, தகுதி பார்த்து, ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். மறுநாள் ஆராதனையில் அதைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்குத்தான் பந்தியில் அப்பமும் திராட்சரசமும். வில்லை இல்லாதவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். பதினாலு வீட்டுக்குள் அதைவிடப் பெரிய மானக்கேடு வேறில்லை.

அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்த அன்றைக்கு ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. வேதமாணிக்கத்தின் மகள் ரூபவதி வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் குவைத்தில், அவளும் நாலு வயசு எமீமாளும் இங்கே பெற்றோரோடுதான். கடைசிப் புடவையை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். அரை மைல் தள்ளி, மதகுப் பலகையில் ஒதுங்கிக் கிடந்ததை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அடக்கத்தில் ரூபவதி ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. முதல் மண் விழுந்ததும் குழிமேட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். ராத்திரி ராத்திரி பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுகிற ஆராரோவை எடுத்தாள். தள்ளி நின்ற தெருப் பெண்கள் அதைக் கேட்டதும் நெஞ்சு வெடித்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். சபையார் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேதமாணிக்கம் போனார், குனிந்தார், மகளின் வாயைத் தன் கையால் பொத்தினார்.

அட பாவி மனுஷா! ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும். எமீமாள் அவர் தோளிலேயே வளர்ந்த பிள்ளை.

ஐந்து வாரம் கழித்து இராப்போஜனம் வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் ரூபவதியின் பெயர் வந்தபோது போதகர் ஆசீர்வாதம் நிமிரக்கூட இல்லை.

"பெத்த வயிறு. அன்னிக்கு நடந்தத நாம பேச வேணாம் மூப்பரே. குடுத்துடலாம்."

"ஆமாங்க, விடுங்க," என்றார் இன்னொரு மூப்பர் யோசபாத்து.

அவ்வளவுதான், முடிந்துபோயிருக்கும். வேதமாணிக்கம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே யோசபாத்தின் மனைவி தன் தாயார் அடக்கத்தில் ஒப்பாரி வைத்ததற்கு வில்லை கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். அந்த அம்மாள் சபை நடுவில் எழுந்து, "தப்பு செஞ்சேன்" என்று அழுத பிறகுதான் பந்திக்கு வந்தாள்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு ஒரு நியாயம், இன்னிக்கு என் வீட்டுக்கு ஒரு நியாயமா? ஊரு என்னைக் காறித் துப்பாது? அவளும் எழுந்து நின்னு சொல்லட்டும்."

"நான் கேக்கலையேங்க," என்றார் யோசபாத்து.

"நீங்க கேக்கலைன்னாலும் கர்த்தர் கேப்பாரு."

அதற்குமேல் அவரோடு யார் மல்லுக்கட்டுவது? ரூபவதிக்கு வில்லை இல்லை என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே ரூபவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவருடைய மனைவி தங்கம்மாள் அம்மியில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. பாடுனது தப்புன்னு சொல்லிடு. எல்லாரும் மன்னிச்சுடுவாங்க."

ரூபவதி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். "பிள்ளைய விட்டுட்டுத் துணி காயப்போட்டனே, அது தப்புப்பா. அத எத்தனை தடவ வேணும்னாலும் எழுந்து நின்னு சொல்றேன். பாடுனத தப்புன்னு சொல்ல மாட்டேன். இருட்டுன்னா பயந்துக்கும்பா அது. அதான் பாடுனேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் கொண்டுவந்திருந்த தன் வில்லையைத் தங்கம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ரூபவதி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தங்கம்மாளும் முன்னால் போகாமல் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சங்கீதம் பாடி முடித்ததும் வேதமாணிக்கம் தட்டை எடுத்துக்கொண்டு வில்லைகளை வாங்க வந்தார். கடைசி வரிசையிலிருந்து தொடங்கி முன்னால் போவது வழக்கம்.

மகளைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ, மனசு இளகிப்போய்விட்டது. மற்றவர்கள் பார்க்காதபடி முதுகால் மறைத்துக்கொண்டு, தன் சட்டைப்பையிலிருந்த தன்னுடைய வில்லையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"போட்டுடும்மா," என்றார் மெதுவாக. "நான் இந்தத் தடவ பந்திக்கு வரல. நீ போ."

ரூபவதி கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கூட்டத்துல இல்லைன்னுட்டு இங்க திருட்டுத்தனமா குடுக்குறீங்களாப்பா?"

"சத்தம் போடாதம்மா."

"என் வாயைப் பொத்துனப்ப எல்லாரும் பாத்தாங்க. இதையும் எல்லாரும் பாக்கக் குடுங்க. பிள்ளைக்குப் பாடுனது தப்பில்ல, நான் பொத்துனதுதான் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சந்தோஷமா வாங்கிக்கிறேன்."

அவர் நிமிர்ந்தார். போதகர் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் அந்த ஆள் ஓடி வந்து கட்டிக்கொண்டிருப்பார். யோசபாத்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் எழுந்து நின்று அழுத அம்மாள், கண் கொட்டாமல் பார்த்தாள். வேதமாணிக்கத்தின் வாய் திறந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

ரூபவதி காத்திருந்தாள். நல்ல பெண், ரொம்ப நேரமே காத்திருந்தாள். பிறகு வில்லையைத் தட்டில் வைக்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தாள்.

தங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக ஒரு பந்தி விடாதவள்.

"இதையும் நீங்களே வெச்சுக்கங்க," என்று தன் வில்லையை அவர் கையில் திணித்தாள். "நாங்க குவைத்து மாப்பிள்ளையோட அம்மா வீட்டுக்குப் போறோம். அங்க எம்பொண்ணு வாய்விட்டு அழட்டும்."

அவளும் போனாள். கதவருகே செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடி, "தங்கம்" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வரப்புப் பாதையில் இரண்டு பேரும் எவ்வளவு வேகமாகப் போய்விட முடியும்?

ஆனால் ஆராதனை நடுவில் மூப்பர் வெளியே போகக் கூடாது.

கையிலிருந்த இரண்டு வில்லையையும் சட்டைப்பைக்குள் போட்டார். அடுத்த வரிசைக்கு நகர்ந்து, முதலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் தட்டை நீட்டினார்.